கவாத்துக்கு வெள்ளை ஷூ அவசியம்

கிரீன் வேலி நகர்,
வண்டூர் ரோடு,
8 ஜனவரி 2025

ராஜி,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். என் அம்மா நம்பரையும் செய்துவிட்டாய். பால்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன், என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வைத்துவிட்டாய். ஆகவே தபால். கப்பலேறி ஹட் பேக்குக் குடிபோனவளுக்குப் பேச்சில் 'பே' மட்டும்தான் மிச்சம் போலிருக்கிறது. சிரித்துவிடாதே, கோபம் கெட்டுவிடும்.

குற்றவாளியின் தரப்பைக் கேட்காமல் தண்டிப்பதெல்லாம் வெள்ளைக்காரனோடு போயிற்று. என் தரப்பு இதோ.

உன் அம்மா புஷ்பா அத்தைக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று உன்னைவிட ஆசைப்பட்டவன் நான். ஞாயிறுதோறும் காலனிக்காரர்களுக்குத் தோட்ட வகுப்பு, மற்ற நாட்களில் பொது இடத்தைப் பார்த்துக்கொள்வது, பதிலுக்குச் சம்பளம், பம்பு ரூமை ஒட்டிய அறை. அது நடந்தால் ஏப்ரலில் நீ இங்கே வந்து பிளஸ் டூ படிப்பாய். நடக்காவிட்டால் பொது இடத்தில் சிமென்ட் கல் பதித்துக் கார் நிறுத்துவார்கள், நீ ஹட் பேயிலேயே கிடப்பாய், எனக்குக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு வரைந்து தர ஆளிருக்காது. எவ்வளவு சுயநலம் பார். இப்படிப்பட்டவன் உங்களுக்குக் கெடுதல் நினைப்பானா?

அசோசியேஷன் சொன்னது ஒன்றுதான்: முதல் வகுப்புக்குக் கூட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம். போன மாதம் ஒருவர் வந்து மண்புழு உரம் பற்றிப் பேசியபோது எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? மூன்று. அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். நீங்கள் நெல் போட்டு, பிறகு விற்றுவிட்டுப் போன மண்ணில்தான் எங்கள் எல்லோர் வீடும் நிற்கிறது. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிச்சமும் இருக்கிறது. அதைப் பார்த்தால் இவர்களுக்கு டைல்ஸ் ஒட்டத்தான் தோன்றுகிறது. பெயர் கிரீன் வேலி. கிரீனும் கிடையாது, வேலியும் கிடையாது.

நீ எழுதி அனுப்பிய அறிவிப்பு: 'ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எலுமிச்சைக் கவாத்து. புஷ்பா கற்றுத் தருவார்.' நான் அதில் கொஞ்சம் கழித்தேன். கழிப்பதுதானே கவாத்து? ஒரு வரியை ஒட்டும் கட்டினேன். நோட்டீஸ் போர்டில் ஏறியது: 'ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கவாத்து. வெள்ளை ஷூ அவசியம்.' குடியரசு தினம் வரும் மாதம் வேறு. கிளை வெட்டுவதற்கும் போலீஸ் பயிற்சிக்கும் ஒரே சொல்லை வைத்தது தமிழ், நான் இல்லை.

வந்தார்கள் ராஜி. மொத்தக் காலனியும் வந்தது. வங்காளி தாஸ் பாபுகூட வெள்ளை கேன்வாஸில் வந்தார். ரிட்டயரான நாளிலிருந்து வரிசையில் நிறுத்த ஆள் கிடைக்காத ஹவில்தார் குழந்தைவேலு மாமா, பழைய பெல்ட்டை மாட்டிக்கொண்டு 'சாவ்தான், விஷ்ராம்' என்று எல்லோரையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் அத்தை கத்தியும் கூடையுமாக வந்தார். 'ஏம்மா, இதான் வர்ற நேரமா? பின்னால கடைசி வரிசையில போய் நில்லு' என்றார் மாமா. அத்தையும் நேராகப் போய் நின்றார். எவ்வளவு ஜாலியான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் விஷயத்தை உடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, இனி வகுப்பு என்று திரும்பினால் அத்தை இல்லை. கூடை மட்டும் தரையில் இருந்தது.

கூட்டம் சேர்த்துத் தந்தவனுக்கு இதுதானா? ஏன் என்று மட்டுமாவது எழுது.

அஸ்வின்

பி.கு. கூடை எங்கள் வீட்டில் இருக்கிறது.

*

ஹட் பே,
16 ஜனவரி

அஸ்வின்,

உன் கடிதத்தை இங்கே வீட்டில் முத்துராஜ் மாமா வாசித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அம்மாவுக்குக் காட்டவில்லை.

ஏன் என்று கேட்டாய். ஒரு தடவைதான் எழுதுவேன்.

எங்கள் வீட்டில் பெரட்டு என்று ஒரு சொல் உண்டு. உனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் தமிழ் திருநெல்வேலியிலிருந்து நேராகக் கப்பலேறி வந்தது. எங்களுடையது இலங்கையின் மலைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் விடியும்போது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அதுதான் பெரட்டு. உன்னுடைய பரேட்தான் தேய்ந்து இப்படி ஆனது என்கிறார் மாமா. பிந்திப் போனால் கடைசியில் நிற்க வேண்டும். கடைசியில் நிற்பவளை அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். இந்தத் தீவுகளுக்கு ரப்பர் வேலைக்கு வந்த பிறகும் அந்தச் சொல் கூடவே வந்தது. அம்மா நம் வயதில் பெரட்டில் நின்றவள்.

அன்றைக்கு அவள் ஜாலிக்காகப் போய் நிற்கவில்லை. பின்னால் போய் நில்லு என்று ஒரு குரல் கேட்டதும் கால் தானாகப் போய்விட்டதாம். நின்ற பிறகுதான், தான் சொல்லிக்கொடுக்க வந்த இடம் இது என்று நினைவு வந்ததாம். அந்த எலுமிச்சை வரிசை அவள் கன்று வைத்து வளர்த்தது. அந்த மரங்களுக்கு முன்னால் அவள் கத்தியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக நிற்கிறாள், நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள்.

'அவங்க சிரிச்சதுகூடப் பரவால்ல. நான் ஏன் போய் நின்னேன்?' சோறு வடிக்கும்போது கேட்கிறாள். துணி காயப்போடும்போது கேட்கிறாள். என்னைப் பார்த்துக் கேட்பதில்லை.

கூட்டம் சேர்த்துத் தந்தாய். நன்றி. இனி எழுதாதே. கூடையை யாரிடமாவது கொடுத்தனுப்பு.

ராஜகுமாரி

*

கிரீன் வேலி நகர்,
27 ஜனவரி

ராஜகுமாரி,

எழுதாதே என்றாய். எனவே இது கடிதம் இல்லை, கூடையோடு வர வேண்டிய சீட்டு. கூடையை அனுப்பவில்லை. அதையும் அனுப்பிவிட்டால் நீங்கள் இங்கே வர ஒரு காரணம் குறைந்துவிடும்.

நேற்று கொடியேற்றினார்கள். நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். அங்கிருந்து முன்னால் நிற்பவரின் கழுத்து மட்டும்தான் தெரிகிறது. கொடி விரிந்துவிட்டது என்பதைக் கைதட்டலை வைத்துத் தெரிந்துகொண்டேன். இதை வைத்து இரண்டு மூன்று சிலேடை தோன்றியது. எழுதப் பிடிக்கவில்லை.

சாயந்திரம் ஹவில்தார் மாமா வீட்டுக்குப் போய்ப் பெரட்டு பற்றிச் சொன்னேன். பேப்பரை மடித்தார், திரும்ப விரித்தார்.

'அந்தம்மாதான் டீச்சருன்னு எனக்கு எப்படிடா தெரியும்? யார் வீட்டுக்கோ வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சேன்.'

'வேலைக்கு வந்தவங்கன்னா கடைசியில நிக்கணுமா மாமா?'

'எதுத்துப் பேசாத.'

அதற்கப்புறம் வெகுநேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். முகம் பார்க்கிற மாதிரி ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்த ஷூ. அத்தைக்கு ரெண்டு வரி எழுதிக் கொடுங்கள், நான் அனுப்புகிறேன் என்றேன். 'சர்வீஸ்ல யாருக்கும் மன்னிப்பு எழுதிக் கொடுத்ததில்ல. எனக்கு எழுத வராது' என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை, வராது என்றுதான் சொன்னார். அதைக் கவனித்துக்கொள்.

மார்ச் இரண்டாம் தேதி அசோசியேஷன் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். சிமென்ட் வேலையைக் கவனிக்கும் தாஸ் பாபுவிடம் அது எப்போது தொடங்கும் என்று கேட்டால் 'கல்' என்கிறார். ஹிந்தியில் நாளைக்கும் கல், நேற்றைக்கும் கல். நமக்குக் கல் என்றால் கல். நாளைக்கு வரப்போவதும் கல், நேற்று இருந்ததை மூடப்போவதும் கல். இது சிலேடை இல்லை, செய்தி.

மரங்கள் காய்ப்பதில்லை, நிழலும் ஒழுங்காக இல்லை என்பதுதான் கல் கட்சியின் வாதம். உண்மைதான், கிளையெல்லாம் பின்னிக் கிடக்கிறது. அதனால் நானே கவாத்து செய்யப்போகிறேன். எப்படி என்று சொல். சொல்லாவிட்டாலும் வெட்டுவேன். மரம் செத்தால் நீதான் பொறுப்பு.

அஸ்வின்

*

ஹட் பே,
5 பிப்ரவரி

டேய்,

கத்தியைக் கீழே வை. வாசித்துவிட்டு எடு.

முதலில் காய்ந்த கிளை. அடுத்து, ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்தது. அடுத்து, அடிமரத்திலிருந்து ஈட்டி மாதிரி நேராகக் கிளம்பும் நீர்ப்போத்து. உன்னை மாதிரிதான் அது: விறுவிறுவென்று வளரும், ஒரு காய் வைக்காது. மரத்தின் வயிற்றில் வெயில் விழ வேண்டும். ஒரு மைனா இலை உரசாமல் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வர முடிந்தால் போதும், அதற்குமேல் வெட்டாதே. வெட்டு சாய்வாக இருக்கட்டும், மழைத்தண்ணீர் தங்கக் கூடாது. வெட்டுவாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசு. கையால்தான், கரண்டியால் இல்லை.

வேரடியில் தேங்காய் மட்டையை மூடாக்காகப் போடு. மட்டைக்கு அடியில் நத்தை வந்து ஒளியும், விடியலில் பொறுக்கிவிடு. நத்தைக்கு உப்பு வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடு. சுனாமியில் அந்த மண் தின்ற உப்பு போதும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். ஒவ்வொரு மரத்தையும் வெட்டும் முன் அதற்கு எதிரே நிமிர்ந்து நின்று, கைகட்டி, 'மன்னிச்சுக்கம்மா' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். மலைத் தோட்டத்துப் பழக்கம். முணுமுணுத்தால் பலிக்காது, பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும். சொல்லாமல் வெட்டின மரம் காய்க்கவே காய்க்காது.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது அது அலமாரியில் இருந்தது.

ராஜகுமாரி

*

கிரீன் வேலி நகர்,
13 பிப்ரவரி

ராஜி,

(பழையபடி கூப்பிட்டுவிட்டேன். நீ 'டேய்' போட்டதால் வந்த தைரியம்.)

சனிக்கிழமை விடிந்ததும் முதல் மரத்துக்கு முன்னால் கைகட்டி நின்று சொன்னேன். மூன்றாவது தடவைக்கு மாடியில் ஜெயராணி அக்கா எட்டிப் பார்த்தார்.

'காலங்காத்தால யார்கிட்டடா மன்னிப்பு கேக்குற?'

'மரத்துக்கிட்டக்கா. கேட்டுட்டுதான் வெட்டணும். கேக்கலன்னா காய்க்காது.'

சிரிப்பார் என்று பார்த்தேன். இறங்கி வந்துவிட்டார். அவர் வீட்டுக் கறிவேப்பிலை குச்சியாக நிற்கிறதாம், அதற்கும் இது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஐந்தாறு பேர். அதற்கடுத்த நாள் வைஜெயந்தி டீச்சர் தன் முருங்கையை நினைத்துக்கொண்டு வந்தார். தாஸ் பாபு 'மாஃப் கர்னா மா' என்கிறார், மரத்துக்கு ஹிந்தி புரியும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மண்புழுவுக்கு வராதவர்கள் மன்னிப்புக்கு வருகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெயராணி அக்கா கறிவேப்பிலைக்கு முன்னால் நின்று சொன்னபோது மூன்றாவது தடவை குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கறிவேப்பிலையிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை. நான் நத்தை பொறுக்கப் போய்விட்டேன்.

ஆனால் மன்னிப்பு கேட்க வந்த அளவுக்கு எங்களுக்கு வெட்ட வரவில்லை. ஒரு பெரிய கிளையை மேலிருந்து வெட்டினேன், அது கனம் தாங்காமல் பட்டையை உரித்துக்கொண்டு விழுந்துவிட்டது. மரத்தின் விலாவில் ஒரு முழத்துக்குத் தோல் இல்லை. சாணி பூசினேன், ஆனாலும் அதைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இதெல்லாம் தெரிஞ்சவங்க எங்க?

ஹவில்தார் மாமா மட்டும் வரவில்லை. வராண்டாவில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறார்.

ஒரு அறிவிப்பு எழுதியிருக்கிறேன். நீங்கள் சரி என்றால்தான் போர்டில் ஒட்டுவேன். 'பிப்ரவரி 23 ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எலுமிச்சை மரங்களில் கிளை கழிக்கும் வகுப்பு. கற்றுத் தருபவர் திருமதி புஷ்பா. எந்த ஷூவும் வேண்டாம்.' எங்காவது இரண்டு அர்த்தம் வந்தால் அடித்துவிட்டு அனுப்பு.

அஸ்வின்

*

ஹட் பே,
18 பிப்ரவரி

அஸ்வின்,

அறிவிப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'திருமதி'யை அடித்தது நான் இல்லை, அம்மா. 'பேரு போதும்' என்றாள்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறாள். எனக்குப் பரீட்சை, வரவில்லை. பட்டை உரிந்த மரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் கத்தியைச் சாணை பிடிக்க உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பு சமாச்சாரம் இருந்த பக்கத்தை மட்டும் நான் அவளுக்குக் காட்டவில்லை. ஏன் என்று கேட்காதே.

அவள் சொல்லச் சொன்னது: 'பெரட்டு கிரட்டுன்னு எவனாவது நிப்பாட்டினா அப்புடியே திரும்பிடுவேன்.'

ராஜகுமாரி

*

கிரீன் வேலி நகர்,
2 மார்ச், இரவு

ராஜி,

அத்தை உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் சாட்சி நான், எழுதிவிடுகிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் எல்லோரும் முன்னதாகவே வந்து அங்கங்கே நின்றுகொண்டிருந்தார்கள், வெறுங்காலோடு. கேட் திறந்தது. அத்தை உள்ளே வந்தார். யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் அத்தையைப் பார்த்ததும் என்ன ஆயிற்றோ, பயத்தில் எல்லோரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நகர்ந்து, நிமிர்ந்து, சரியான ஒரு வரிசை ஆகிவிட்டார்கள். சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை. என் உயிரே போய்விட்டது. வரிசையின் கடைசியில் யார் என்று பார்த்தேன். ஹவில்தார் மாமா.

அத்தை நின்றுவிட்டார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். திரும்பிப் போகப்போகிறார் என்று நினைத்தேன். 'கலைங்க' என்றார்.

ராஜி, தீவில் வளர்ந்த நமக்கு ல எது, ள எது? மொத்தக் காலனிக்கும் 'களைங்க' என்றுதான் கேட்டது. அப்படியே உட்கார்ந்து களை பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் மண்டி போட்டது ஹவில்தார் மாமா. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு வகுப்பு. பெரிய கிளையை எப்படி வெட்டுவது என்று காட்டினார்: முதலில் அடிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு, அப்புறம்தான் மேலே. அப்போது பட்டை உரியாது. நான் கெடுத்த மரத்தைக் கையால் தடவிப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். 'ஆளுக்கு ஒரு மரம், போங்க' என்று எல்லோரையும் பிரித்துவிட்டார். எல்லோரும் அவரவர் மரத்துக்கு முன் கைகட்டி நின்று மன்னிப்பு கேட்டதைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

ஹவில்தார் மாமாவுக்குக் கடைசி மரம். அத்தை கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கிளையைத் தாங்கிப் பிடிக்க மரத்துக்கு அந்தப் பக்கம் போனார். மாமா நிமிர்ந்தார். கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகட்டினார். 'மன்னிச்சுக்கம்மா' என்றார். பரேட் மைதானத்துக் குரல். வண்டூர் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இரண்டாவது தடவை அவ்வளவு சத்தம் இல்லை. மூன்றாவது தடவை பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கிளையைப் பிடித்திருந்த அத்தையின் கை அசையவில்லை. இலைக்கு நடுவிலிருந்து 'சரி. வெட்டுங்க' என்று குரல் வந்தது.

மாமா வெட்டினார். சாய்வாக.

எழுத வராது என்றுதான் சொன்னார், ராஜி.

இன்றைக்குக் கூட்டம் முடிந்தது. கல் எப்போது என்று யாரோ கேட்டார்கள். தாஸ் பாபு 'கல்' என்றார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாளைக்கு என்றால் வராது என்று அர்த்தம். ஏப்ரல் முதல் வேலை அத்தைக்கு. பம்பு ரூம் பக்கத்து அறைக்கு வெள்ளையடிக்க என்னையும் பக்கத்து வீட்டு கோகுலையும் போட்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு நடக்கவில்லை. அத்தை கிளம்பும்போது நான் கேட் வரைக்கும் போனேன். சொல்வதற்கு நான்கைந்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேடிக்கையாகத்தான் வருகிறது. கூடையை மட்டும் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

அஸ்வின்

*

ஹட் பே,
9 மார்ச்

அஸ்வின்,

அறைக்கு வெள்ளை வேண்டாம், இளம்பச்சை அடி. அம்மாவுக்குப் பிடிக்கும்.

ஒரு உண்மை. மரத்திடம் மன்னிப்பு கேட்கும் பழக்கம் எந்த மலையிலும் கிடையாது. விடிந்தும் விடியாமல் நீ மரத்துக்கு முன்னால் கத்த வேண்டும், காலனி முழுக்க உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நானாகக் கண்டுபிடித்தது. ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். 'எல்லாரும் மரத்தப் பாத்துச் சொன்னாங்க. அந்த ஹவில்தாரு மட்டும் மரத்தப் பாக்கல.' அவ்வளவுதான். அப்புறம் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். நான் ஏன் போய் நின்னேன் என்று இந்த இரண்டு வாரத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆனால் வேறு ஒன்று கேட்டாள். 'ஏன்டி, நம்ம பக்கம் இப்புடி ஒரு பழக்கம் இருந்துச்சா? என்னா, எனக்குத் தெரியாமப் போச்சே.'

இருந்தது என்று சொல்லிவிட்டேன். இனிமேல் இருக்கும். நீ உளறிவைக்காதே.

பரீட்சை முடிந்ததும் முதல் கப்பலில் ஏறுகிறோம். ஜெட்டிக்கு வராதே, அங்கே கூட்டத்தில் எதுவும் காதில் விழாது. பம்பு ரூம் வாசலில் நில். அம்மா கூடையோடு உள்ளே நுழைவாள். மனப்பாடம் செய்ததை எல்லாம் மறந்துவிடு. என்ன சொல்ல வேண்டும், எத்தனை தடவை, எவ்வளவு சத்தமாக என்பதெல்லாம் உனக்கே தெரியும்.

மரத்தைப் பார்க்காதே.

ராஜி